காற்றுக்குச் சாட்சி சொல்லும் சுவிட்ச்

அந்த உப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, பேனல் கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம் ஒரு வயரைப் பிடுங்கியதுதான். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிடுங்க விட்டிருக்க மாட்டார்கள்.

விரல் நீளச் சிவப்பு வயர். எனக்கு முன்னால் இருந்த எலக்ட்ரீஷியன் அதைப் பிரஷர் சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலம் போலச் சொருகிவிட்டுப் போயிருந்தார். எங்கள் தொழிலில் இதற்கு ஜம்பர் என்று பெயர்.

ஆலையில் நடப்பது எளிய வேலை. அளத்திலிருந்து வரும் உப்பைக் கழுவி, தண்ணீரை வடித்து, சூடான காற்றில் உலர்த்தி, மூட்டையாக்கித் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். காற்றைச் சூடாக்க ஓர் உலை. உலையில் எரிவது காஸ். அது எரிவதற்கான காற்றை ஒரு ப்ளோயர் ஊதும். ப்ளோயர் ஊதுகிறதா என்று பார்த்துச் சொல்வது மட்டுமே பிரஷர் சுவிட்சின் வேலை. உள்ளங்கை அகல டப்பா, உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. ப்ளோயர் குழாயிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று அதில் வந்து சேரும். காற்று வந்தால் சவ்வு நகர்ந்து, உள்ளே இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும். அதன் பிறகே காஸ் வால்வு திறக்கும். காற்று நின்றால் முனைகள் பிரியும், காஸ் அடைபடும். ஜம்பர் போட்டுவிட்டால் முனைகள் எப்போதும் தொட்டுக்கொண்டிருப்பதாகப் பேனல் நம்பிவிடும். ப்ளோயர் செத்துக் கிடந்தாலும் காஸ் உள்ளே இறங்கும்.

இறங்கிய காஸில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சைக்கு முன்பே சொந்த ஊரான ஏரலில் பஸ் ஏறிவிட்டேன். கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வடக்கே ஓர் ஓட்டுத் தொழிற்சாலையில் இதே மாதிரி ஒரு வயரை என் கையாலேயே போட்டேன். மேஸ்திரி சொன்னார், போட்டேன். சில நாளில் ப்ளோயர் பெல்ட் அறுந்தது. உலைக் கதவு பறந்தது. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒடிசாக்காரனுக்கு ஒரு கண் போயிற்று. என் இடது கை முழங்கை வரை வெந்தது. கதவைச் சரியாகச் சாத்தாதது அவன் தப்பு என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஏழெட்டு ஊர் மாறிவிட்டேன். எந்த ஊரிலும் ஜம்பர் போட்டு உலை ஓட்டியதில்லை. அதனாலேயே இரண்டு இடத்தில் வேலை போயிருக்கிறது.

இங்கே நான் வயரைப் பிடுங்கிய பிறகும் உலை நன்றாகத்தான் ஓடியது. பத்தரை மணிக்கு மேல், வெயில் ஏறியதும், சட்டென்று அணைந்தது. மறுபடி ஏற்றினேன். இரண்டு நிமிடம் ஓடி மறுபடி அணைந்தது. உப்பை உலர்த்தும் ட்ரையருக்குள் ஈர உப்பு கட்டிக்கொண்டு நின்றது.

உலைக்கும் மூட்டை பிடிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் மாப்பிள்ளையூரணியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவர்கள். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையிலும் மூக்கிலும் துண்டு. அவர்களுக்கு முன்னத்தி ஏர் போல இருந்த ஓர் அக்கா தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“யாருலே அது, வந்த அன்னைக்கே அடுப்ப அணைச்சவன்?”

“நாந்தான்க்கா.”

“நல்ல கைராசி. கல்யாணம் ஆயிட்டா? அங்கயும் இப்பிடித்தானா?”

கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது முதலாளி வந்துவிட்டார். ஆலையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பனங்காட்டு ஊரிலிருந்து வந்து, இங்கே பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்து, பிறகு உப்பில் இறங்கியவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

“வயரு எங்கலே?”

“புடுங்கிட்டேன் அண்ணாச்சி.”

“யாரக் கேட்டுப் புடுங்குன?”

“யாரையும் கேக்கல.”

“நாளைக்குச் சாயங்காலம் கண்டெய்னர் துறைமுகத்துக்குள்ள போவணும். கப்பலு ஒனக்காவ நிக்குமா?”

“நிக்காது.”

“அப்ப மாட்டு.”

“மாட்ட மாட்டேன்.”

“சுவிட்சு மூணு மாத்தியாச்சுலே. எல்லாம் காலைல ஓடுது, வெயில் ஏறுனா மடங்குது. ப்ளோயருக்கு வயசாயிட்டு. கப்பல் போன பொறவு மாத்திக்கிடலாம். அதுவரைக்கும் வயரு கெடக்கட்டும்.”

“வேணும்னா நீங்க மாட்டுங்க. என் கையால நடக்காது.”

அண்ணாச்சிக்குக் கரண்டு என்றால் பயம் என்பதைக் காலையிலேயே கவனித்திருந்தேன். பேனலுக்கு மூன்றடி தள்ளித்தான் நிற்பார். என்னையும் பேனலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாரு. சரியாவலன்னா வேற ஆளு வருவான். வயரும் வரும். நீ ஒன் பையத் தூக்கிட்டு நடையக் கட்டு.”

அவர் போனதும் அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அரை நாள் வேலை போன கோபம்.

“நாலு மாசமா அந்த வயரோடதான் வேல பாத்தோம். செத்தா போயிட்டோம்? நீ நாளைக்கு வேற ஊருக்குப் போயிருவ. நாங்க இங்கனதான் கெடக்கணும்.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். வாங்க, ஒண்ணு காட்டுதேன்.”

காஸ் குழாயின் கைவால்வை இறுக மூடினேன். கைப்பிடியைக் கயிற்றால் கட்டினேன். மூடியிருக்கிறதா என்று அவரையே திருகிப் பார்க்கச் சொன்னேன். பிறகு ப்ளோயரின் பிரேக்கரை இறக்கிவிட்டு, ப்ளோயர் வாயில் கையை வைக்கச் சொன்னேன்.

“காத்து வருதா?”

“வரல.”

அந்தச் சிவப்பு வயரைச் சுவிட்சின் முனைகளில் தொடவைத்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். பழைய பேனல், உள்ளூரில் கட்டியது. சொன்னதை அப்படியே நம்பும். அரை நிமிடம் கழித்து, காஸ் திறந்துவிட்டதாகக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவர் கையை ப்ளோயர் வாயிலிருந்து எடுக்காமலேயே விளக்கைப் பார்த்தார்.

“காத்தே இல்லாம காஸைத் தொறந்து விடுதா?”

“ஆமா.”

“நாலு மாசமும் இப்பிடியா கெடந்துச்சு?”

“ஆமாக்கா.”

துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கண்டுபுடி. கண்டுபுடிக்காம ஓடிப் போனன்னு வையி, ஏரல் வரைக்கும் வந்து ஒதைப்பேன்” என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கே போனேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் டியூப் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதை ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, கண்ணுக்குத் தெரிய ஒரு சிட்டிகை குங்குமம் போட்டேன். ஒரு முனையை ப்ளோயரிலிருந்து சுவிட்சுக்குப் போகும் டியூபில் கிளையாகச் சேர்த்தேன். ப்ளோயர் ஊதியதும் சிவப்புத் தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. இரண்டுக்கும் நாலு விரல் வித்தியாசம். பலகையில் ஆணியால் கோடு கீறினேன்.

எட்டு மணிக்கு நாலு விரல். பத்து மணிக்கும் நாலு விரல். பத்து இருபதுக்கு உலை அணைந்தது. தண்ணீர் கோட்டை விட்டு அசையவில்லை. ப்ளோயருக்கு வயசாகவில்லை. பொய் சொல்வது சுவிட்ச்.

அதைக் கழற்றி, முனைகளில் மீட்டரைக் கவ்வவிட்டேன். முனைகள் தொட்டால் மீட்டர் கத்தும். டியூபில் வாய் வைத்து மெதுவாக ஊதினேன். சத்தமில்லை. கன்னம் வலிக்க ஊதினேன், அப்போதும் சத்தமில்லை. புது சுவிட்ச், மாட்டி ஐந்து மாதம் கூட ஆகவில்லை. மூன்று சுவிட்ச் அடுத்தடுத்து ஒரே மாதிரி கெட்டுப்போகாது.

அதற்குள் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். சுவிட்சும் மீட்டரும் கையில் இருந்தபடியே அவர் அறைக்குப் போய், மேஜை மேல் வைத்துவிட்டு நின்றேன். ஏசி குளிரில் வேர்வை உறைந்தது. அவர் கப்பலில் தொடங்கினார். முந்தின எலக்ட்ரீஷியன் எவ்வளவு தங்கமானவன் என்பதற்குப் போனார். அடுத்து என் திமிருக்கு வந்தார். கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். நடுவில் மேஜை மேல் மீட்டர் ‘கீ’ என்று கத்த ஆரம்பித்தது.

“என்னலே அது, பூச்சி மாதிரி கத்துது?”

“சுவிட்சு அண்ணாச்சி. காத்து வருதுன்னு சொல்லுது.”

“எங்கன வருது?”

“வரல. யாருமே ஊதல.”

எனக்கும் முதலில் புரியவில்லை. வெயிலில் ஊதினாலும் பேசாதது, குளிரில் ஊதாமலேயே பேசுகிறது. டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் குண்டூசித் தலை அளவு ஓர் ஓட்டை இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் பழுப்பு நிற மக்குப் பசை, மேலே ஒரு கட்டைவிரல் ரேகை. முகர்ந்தேன். குங்கிலியமும் எண்ணெயும். தோணிகளில் பலகை இடுக்கை அடைக்கிற மக்கு.

“இத யாரு வச்சது?”

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நாந்தான். எந்தச் சாமான் வந்தாலும் மாட்டுன மறுநாள் விடியக்காலம் நானே வந்து அடைச்சிருவேன். உப்பு எங்கன நொழையும்னு எனக்குத் தெரியும்லே. இந்த ஆலைல ஒரு ஓட்டைய விட்டு வைக்க மாட்டேன்.”

அதில் பெருமை இருந்தது. சிரிக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தில் உப்புக்குப் பயந்து மோட்டாருக்குத் தார்ப்பாய் போடுவார்கள், செல்போனைப் பாலித்தீன் பையில் போட்டுப் பேசுவார்கள். ஓட்டையைக் கண்டால் அடைக்காதவன்தான் இங்கே முட்டாள். ஆனால் இந்த ஓட்டை சவ்வின் மறுபக்கத்துக்கு வெளிக்காற்று போய்வர வைத்தது. அடைத்துவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெயிலில் உப்பி சவ்வை எதிர்த்துத் தள்ளும். அப்போது காற்று இருந்தாலும் இல்லை என்று சொல்லும். குளிர்ந்தால் சுருங்கி சவ்வை இழுக்கும். அப்போது இல்லாத காற்றை இருக்கிறது என்று சொல்லும். மார்கழி விடியற்காலையில் இந்த ஆலைக்கு ஜம்பரே தேவைப்பட்டிருக்காது. காற்றில்லாமல் காஸைத் திறக்க இந்த மக்கே போதும்.

அதைச் சொன்னேன். டெஸ்டர் முனையால் மக்கைக் குத்தி எடுத்தேன். மீட்டர் வாயை மூடிக்கொண்டது. இப்போது மெல்ல ஊதினேன். கத்தியது. நிறுத்தினேன். நின்றது. அண்ணாச்சியிடம் டியூபை நீட்டினேன். அவரும் ஊதிப் பார்த்தார். டியூபைத் திருப்பித் தந்தார்.

அந்த ஓட்டையில் ஒரு சிறு டியூபைச் சொருகி, வாய் தரையைப் பார்க்கும்படி வளைத்து, நுனியில் கொசுவலைத் துண்டைக் கட்டி, சுவிட்சைப் பழைய இடத்தில் மாட்டினேன். பதினொன்றரைக்கு உலையை ஏற்றினேன். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. தகரம் தொட முடியாமல் கொதித்தது. உலை அணையவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூட்டை தைக்கும் மெஷின் நிற்காமல் ஓடியது.

“ஓடட்டும். இனிமே தொடாத” என்றார் அண்ணாச்சி.

“ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு அண்ணாச்சி. எரிஞ்சிட்டு இருக்கும்போது ப்ளோயர நிறுத்தணும். காஸ் தானா அடைக்குதான்னு பாக்கணும்.”

“கண்டெய்னர் போன பொறவு பாத்துக்கிடலாம்.”

“இப்ப பாக்கணும்.”

“சொல்லுதது காதுல விழலியா? நிறுத்துன, நீ வெளிய.”

என் பை பேனல் ஓரமாகத்தான் கிடந்தது. காலையிலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். அது எனக்குப் பழக்கம். ப்ளோயர் பிரேக்கரில் கையை வைத்து இறக்கினேன்.

ப்ளோயர் சத்தம் தேய்ந்தது. அது முழுதாக அடங்குவதற்குள் வால்வு ‘டக்’ என்றது. உலைக்குள் பார்க்கும் சிறு கண்ணாடியில் நீலச் சுவாலை போய்க் கறுப்பாயிற்று. மஞ்சள் விளக்கு அணைந்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகச் சொல்வார் என்று நானும் நின்றேன். அவர் சொல்லவில்லை. தடுப்பைச் சுற்றி அந்த அக்கா வந்தார், பின்னால் மற்றவர்களும்.

“நிறுத்துனியா? நாங்க பாக்கல. இன்னொரு தடவ நிறுத்து.”

“ஏளா, வெளையாட்டா இருக்கா ஒங்களுக்கு? கப்பலு நிக்கிது” என்று அண்ணாச்சி கத்தினார்.

“நிக்கட்டும் அண்ணாச்சி. வெடிச்சா மொதல்ல பறக்குதது நாங்க. நாங்க பாக்காண்டாமா?”

நான் உலையை மறுபடி ஏற்றி, சுவாலை நன்றாகப் பிடிக்கும்வரை காத்திருந்தேன். பிரேக்கரை நோக்கிக் கையைக் கொண்டுபோனபோது அந்த அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“எதுலே, இந்தக் கறுப்புதான?”

“அதுதான்க்கா. கீழ இழுங்க.”

உப்பு பூத்த விரலால் இழுத்தார். டக். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. கடைசிப் பெண் பார்த்து முடிக்கும்வரை அண்ணாச்சி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

அக்கா துண்டை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டினார்.

“சரி, போடு. உப்பு ஈரமாக் கெடக்கு.”