என் பிரேசில் ஓரகத்தி

மூன்று வருடங்களுக்கு முந்தைய வைகாசி மாதம் அது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, மானாவாரிக் கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக, அயர்லாந்தில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் தன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, முதல்முறையாக ஊருக்குக் கூட்டி வந்திருந்தார். அவள் பிரேசில்காரி. சுருட்டை முடி, தோளில் கிடார்.

அவள் பாடகி. தானே பாட்டெழுதி, தானே மெட்டும் போடுவாள். ஆங்கிலம் படிக்க அயர்லாந்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாளாம். பகலில் காபிக் கடையில் வேலை, சாயங்காலம் ஹோட்டல்களில் பாட்டு. மகன் இவளைக் கட்டிக்கொண்ட செய்தி கேட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்த என் மாமியார், அவள் சேலை கட்டி வந்து காலில் விழுந்ததும் உருகிப்போனார். அன்று முதல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் செல்போனை நீட்ட ஆரம்பித்தார்.

"எங்க சின்னவ பாடுதா, கேளுங்க. அங்கன இவ பாட்டக் கேக்கதுக்குன்னே கூட்டம் வருமாம்லா."

எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் நானும் பாடுவேன். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி என்றால் என் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். இதே மாமியார் என்னைப் பெண் பார்க்க வந்தபோது பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பூ வைத்தார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் என்னை யாரும் பாடச் சொன்னதில்லை. நானும் பாடியதில்லை.

வந்த சில நாளிலேயே மாமியார் தன் வெள்ளிக் கொலுசை எடுத்து அவள் காலில் போட்டுவிட்டார். அப்படி ஒரு கொலுசு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுநாள் அவள் காட்டைப் பார்க்கப் போனாள். கோடையில் எங்கள் கரிசல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஒரு கொலுசு கழன்று வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. குச்சியை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. அழுதுகொண்டே வந்தாள். தொலைத்தது நானாக இருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும். மாமியாரோ சிரித்தார்.

"போனாப் போவுது, அழாத. நம்ம மண்ணுதான வச்சிருக்கு."

அத்தோடு விட்டாளா? அன்று சாயங்காலமே மாடியில் உட்கார்ந்து, கொலுசை விழுங்கிய மண்ணைப் பற்றி அவள் பாஷையில் ஒரு பாட்டுக் கட்டிவிட்டாள். கொழுந்தன் அர்த்தம் சொல்லச் சொல்ல, வீடே வாய் பிளந்து கேட்டது. வருடா வருடம் அந்த மண்ணில் களையெடுத்து இடுப்பொடிந்தவள் நான். வந்த வாரத்திலேயே பாட்டை அவள் எடுத்துக்கொண்டாள்.

கோவில்பட்டி மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழுவினர் ஓய்வெடுத்த நேரத்தில் அவளை மேடை ஏற்றினார்கள். கிடார் உறையை என் மடியில் கொடுத்துவிட்டு ஏறினாள். செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன. பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் யாரோ, "பந்தி போட்டாச்சு" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வரிசை வரிசையாக எழுந்தார்கள். சம்பந்தி வீட்டாரைக் கவனிக்க என் மாமியாரும் போய்விட்டார். மண்டபத்தில் மிஞ்சியது காற்றாடிச் சத்தமும் காலி நாற்காலிகளும்தான்.

நானும் போயிருக்கலாம். போகவில்லை. அவள் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

ஆனால் அது வாடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, நிறைந்த சபையில் பாடுகிற மாதிரி கடைசி வரி வரை பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

கடைசிப் பந்தியில் அவளும் கொழுந்தனும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். "பாதியிலேயே எல்லாரும் போயிட்டாவளே, அவளுக்குச் சங்கடமா இல்லையான்னு கேளுங்க" என்றேன் கொழுந்தனிடம். கேட்டார். அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தாள்.

"அங்கனயும் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாவளாம் மதினி. பாஷையும் புரியாது. பாட ஆரம்பிச்ச காலத்துல இருந்தே அப்படித்தானாம். ஒரு ஆளு திரும்பிப் பாத்தாப் போதும்னு பாடுவாளாம். இன்னைக்கு நீங்க ஒருத்திதான் எந்திரிக்காம கேட்டியளாம். அந்தப் பாட்ட உங்களுக்காகத்தான் முடிச்சேன்னு சொல்லுதா."

எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கல்லவா தெரியும்.

அவள் திரும்பி என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். கொழுந்தன் என்னிடம் கேட்காமலே, "நோ, நோ" என்று தலையாட்டினார்.

"என்ன கேக்கா?"

"நீங்க பாடுவியளான்னு கேக்கா."

"பாடுவேன்னு சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

மறுநாள் காலை கிடாரோடு அடுப்படிக்கே வந்துவிட்டாள். வேறு வழியில்லை, பாடினேன். உச்சத்துக்குப் போகும்போது குரல் பிசிறடித்தது. நிறுத்தப் பார்த்தேன். அவள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தாள். முடித்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் மாமியார் நிற்கிறார்.

"நீ பாடுவேல்லா? எனக்கு மறந்தேபோச்சுட்டி" என்றார். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

இப்போது தினமும் பாடுகிறேன். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதியில் விடுவதில்லை. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். செல்போனில் அவளுடைய புதுப் பாட்டு வரும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கிறது. காலி மண்டபத்திலும் ஒரு பாட்டை எப்படி முழுதாகப் பாடி முடிப்பது என்று எனக்குக் காட்டியவள் அவள்தான். அதை அவளிடம் சொல்லத்தான் இன்னும் மனசு வரவில்லை.