இருபத்தேழு பாளம் ஐஸ்

காஞ்சிரங்குளம் ஐஸ் கம்பெனியில் அந்த வாரம் கூத்துதான். திங்கட்கிழமை ஒரு மீன் லாரிக்கு இருபத்தேழு பாளம் ஐஸ் ஏறியது. செவ்வாய்க்கிழமை வந்த லாரிக்கு எழுபத்தொன்று. மீனை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

எல்லாம் ஞானசிகாமணி விற்ற புரோகிராமின் வேலை. குவைத்திலிருந்து இரண்டு கம்ப்யூட்டரோடு திரும்பி வந்து, எண்பத்தெட்டில் பாறசாலையில் சென்டர் திறந்தவர் அவர். லாரி நம்பரை அடித்தால் எத்தனை பாளம் ஏற்ற வேண்டும் என்று ரசீது வரும். கோளாறு வந்தால் திரையில் வெறும் எண் ஒன்று வந்து நிற்கும். இருபத்தேழு என்றால் பிரிண்டரில் பேப்பர் இல்லை. எழுபத்தொன்று என்றால் டிஸ்க் போடும் இடத்தின் கதவு திறந்து கிடக்கிறது. இது ஞானசிகாமணிக்குத் தெரியும். மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த கார்த்தியாயினிக்கு யார் சொன்னார்கள்? எண் வந்தது, அத்தனை பாளத்தை ஏற்றச் சொல்லிவிட்டாள், பாவம்.

சனிக்கிழமை வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போகும்படி கம்பெனி முதலாளி சிவதாணு ஆள் அனுப்பினார். இந்தக் கம்பெனி கைவிட்டுப் போனால் சென்டரையே பூட்ட வேண்டியதுதான். சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த ஓமனாவுக்கு அது இருபத்திரண்டு வயதில் கிடைத்த முதல் வேலை. மஸ்கட்டிலிருந்து சித்தி ஆனந்தபாய், ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விசா தயார் என்று எழுதியிருந்தாள். யார் வீட்டுப் பிள்ளைக்கோ பால் கலக்கிக் கொடுக்க ஓமனாவுக்குத் துளியும் இஷ்டமில்லை.

எண்களின் பட்டியலைச் சென்டர் சுவரில் ஒட்டிவிடலாம், எண் வந்தால் கம்பெனியிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார் ஞானசிகாமணி. ஓமனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. குடியிருப்பவருக்கே மனை என்று நிலச்சட்டம் வந்தபோது, குடியிருந்த பத்து சென்ட் நிலத்தைக் கேட்டு அவள் அப்பா ராஜையா கொடுத்த மனு, 'குறை எண் ஒன்பது' என்று மட்டும் எழுதித் திரும்பி வந்தது. ஒன்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. செங்கல் என்ற அவர்கள் ஊரிலிருந்து ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தார். ஏழாவது தடவை ஒரு குமாஸ்தா தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கையெழுத்து இல்லை, அவ்வளவுதான்.

"நம்பரு போடுதவருக்குத் தெரிஞ்சா போருமா? அலையுதவளுக்கும் தெரியாண்டாமா?" என்று கேட்டுவிட்டு ஓமனா வேலையில் உட்கார்ந்தாள்.

எல்லா புரோகிராமும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கோப்பு ஒன்று சென்டரில் இருந்தது. லைப்ரரி என்பார்கள். அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் நேராக ஒரு வாக்கியம் எழுதினாள். அந்த மெஷினில் தமிழ் எழுத்தும் கிடையாது, மலையாள எழுத்தும் கிடையாது. ஆனால் தோஹாவில் இருக்கும் புருஷன் பொன்னுதாசுக்குப் பன்னிரண்டு வருஷமாக இங்கிலீஷில் விலாசம் எழுதுகிறவள் கார்த்தியாயினி. எழுத்து அவளுக்கு அத்துப்படி. அதனால் ஓமனா இங்கிலீஷ் எழுத்தில் ஊர்ப்பேச்சையே எழுதினாள். முதல் ஐந்தாறு வரி அடக்கமாகத்தான் இருந்தன. பிறகு ஓமனாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எழுதுவதும் தனியாகச் சிரிப்பதுமாக மூன்று நாள் போயிற்று.

சனிக்கிழமை ஐஸ் கம்பெனியில் ஓமனா புது டிஸ்கைப் போட, சிவதாணு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓமனா வேண்டுமென்றே பேப்பரை உருவிவிட்டு, லாரி நம்பரை அடிக்கச் சொன்னாள். கார்த்தியாயினி திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மக்கா, பேப்பரு தீந்துபோச்சு. வெச்சுட்டு எண்டர் அடி."

படித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பேப்பரை வைத்து அடித்தாள். பன்னிரண்டு பாளம் என்று ரசீது ஒழுங்காக வந்தது.

சிவதாணுவின் கட்டிய கை அவிழ்ந்தது. அவரே டிஸ்க் கதவைத் திறந்து பார்த்தார். 'கதவைச் சாத்து மக்கா, காத்து கேறுது' என்றது திரை. அவ்வளவுதான், மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேப்பரை உருவுவார், வைப்பார், கதவைத் திறப்பார், சாத்துவார். வெளியே மூன்று லாரியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. டிரைவர்களும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த வேகத்தில் அவர் எதையோ இழுத்து எதையோ அமுக்க, ஓமனாவின் பட்டியலில் இல்லாத கோளாறு ஒன்று வந்துவிட்டது. அவளுக்கு உயிரே போயிற்று. தெரியாத எண் வந்தால் காட்டுவதற்கென்று அவசரத்தில் ஏதோ எழுதியிருந்தாள். என்னவென்று நினைவில்லை. திரையில் வந்தது:

"இது எனக்குத் தெரியாது. ஓமனாவை விளி."

சிவதாணு இரண்டு தடவை படித்தார். பிறகு ஞானசிகாமணியைப் பார்த்துச் சொன்னார்: "மெஷினு இங்க நிக்கட்டு. ஆனா விளிச்சா வாறதுக்கு இந்தப் பிள்ளையும் இங்க உண்டாவணும். மெஷினே சொல்லியாச்சு."

ஓமனாவுக்கு பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. இடம் இருந்தும் செங்கல் வரை நின்றுகொண்டே வந்தாள்.

சாயங்காலம் ராஜையா மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதினார். மகள் வரமாட்டாள், அவளுக்கு இங்கேயே வேலை உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கமும் ஒரு கையெழுத்துப் போட்டார்.