மாடி ஏசி அறை எந்த நாட்டுக்காரருக்கு?

கெஸ்ட் ஹவுஸ் அக்ரிமென்டில் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுக் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கும் மகராசனே, என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நீதான். "மேலை நாகரிக நாட்டவருக்கு மாடியில் ஏசி அறை, மற்றவர்களுக்குக் கீழே ஃபேன் அறை" என்று எழுதினாயே, எந்தெந்த நாடு என்று எழுதினாயா?

விடுதித் தொழிலுக்குச் சோறும் படுக்கையும் தெரிந்தால் போதும் என்று நம்பி வந்தவன் நான். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்கு மெஷின் மாட்ட வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள், அந்த அக்ரிமென்ட்படி கவரைப்பேட்டையில் என் விடுதியில்தான் தங்குவார்கள். என் படிப்பு ஆரணி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பேரம் பேசியதோடு சரி. என்னைப் போல் அல்லாடும் விடுதிக்காரர்களே, கேளுங்கள்.

ஜப்பான்

முதலில் வந்தவர் ஜப்பான்காரர். கிழக்கு தேசம்தானே என்று கீழே படுக்க வைத்தேன். விடிந்ததும் தொழிற்சாலை மேனேஜர் கேட்டை உடைக்காத குறையாக வந்தார். "யோவ், மெஷினே அவங்களுது! மெஷின் விக்கிறவன் மேல்நாடு, வாங்குறவன் நம்மள மாதிரி. இன்னொரு தபா ரூம் மாறுச்சு, அக்ரிமென்ட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்!"

பிரேசில்

அடுத்தவர் பிரேசில். வரைபடத்தில் ஐரோப்பாவையும் தாண்டி மேற்கே கிடக்கிறது. தைரியமாக மாடியைத் திறந்துவிட்டேன். மேனேஜர் போனில், "அதெல்லாம் கணக்குல வராது, கீழ இறக்கு" என்றார். "எந்தக் கணக்கு சார்?" என்று எகிறினேன். போனை வைத்துவிட்டார். பெட்டியை நானே கீழே தூக்கி வந்தேன். அந்த மனுஷனுக்கு மறுநாளே உடம்பெல்லாம் வேர்க்குரு.

சமையல் செய்யும் மேரியம்மாவுக்கு மனசு ஆறவில்லை. அந்த பிரேசில்காரர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்து முட்டி போட்டு ஜெபம் பண்ணினாராம், அதனால் அவர் மேல்நாட்டுக்காரரேதானாம். நல்ல வாதம், மேனேஜரிடம் போட்டுப் பார்க்கலாம் என்று நான் நினைக்கும்போதே அந்தம்மா கெடுத்தார்: "அப்ப நானும் மேல்நாடுதானேண்ணே, மத்தியானம் மாடில போய்க் கொஞ்சம் படுத்துக்கட்டா?"

ஆஸ்திரேலியா

கிழக்கே, அதற்கும் தெற்கே, உலகத்தின் கோடியில் இருக்கிறது. ஆனால் மேனேஜர் உத்தரவு, நேரே மாடி. ஏன் சார் என்றேன். "மூஞ்சப் பார்த்தாலே தெரியுதே, இதுல இன்னா கேள்வி?"

ஜெர்மனி

போன சித்திரை வெயிலில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். பிறந்து வளர்ந்தது அங்கே. தாய் தகப்பன் யாழ்ப்பாணம். நம்மூர் முகம், நம்மூர் நிறம். மாடி கொடுத்தேன். மேனேஜர் வந்து பார்த்தார். வந்தவர் காதுபடவே, "இவருக்குக் கீழயே போதும், பழகின வெயில்தானே" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாடிப்படியை மறித்துக்கொண்டு நின்றேன். "மெஷின் இவங்களுது. விக்கிறவன் மேல்நாடுன்னு நீதான சார் சொன்ன? இறக்க மாட்டேன், போ!" மேனேஜர் பல்லைக் கடித்தார். "அக்ரிமென்ட் புதுப்பிக்க வருவல்ல, அப்ப வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். படியில் பெட்டியோடு நின்றவர் சிரித்தார். "அங்கை எந்த ஊர் எண்டு கேக்கினம், இஞ்சை எந்த மாடி எண்டு கேக்கினம். நான் எங்கையண்ணை படுக்கிறது?"

வரி எழுதின மகராசனே, அக்ரிமென்ட் முடிவதற்குள் மரியாதையாக வந்து நாடுகளின் பெயரைச் சொல்லு, முடியாவிட்டால் கீழே நாலு ஏசியை மாட்டிவிட்டுப் போ, உலகம் பூரா மேல்நாடாகிவிடும்.