தங்கை வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் 'சர்வே'. நகராட்சியில் பழைய காகிதங்களைக் கழித்தபோது, எலி பாக்கி வைத்த வரைபடங்களைச் சுருள் சுருளாக வீட்டுக்குச் சுமந்துவந்த மனிதர். அன்று முதல் கட்டிலில் வரைபடங்கள் படுத்தன, மனைவி தரையில் படுத்தாள்.

மூலப் படத்தை வெயிலுக்குக் காட்ட அவருக்கு மனம் வராது. தன் கடை மிஷினிலேயே நகல் எடுத்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, டேப்பும் கையுமாகத் தெருத்தெருவாக அளப்பார். இதனால் யாருக்கும் நிம்மதி இல்லை. வங்கி மேலாளரிடம், உங்கள் பெட்டக அறை ஒரு காலத்தில் குளம் என்றார். மறுநாளே மேலாளர் தன் மனைவியின் நகைகளை வீட்டுக்கு எடுத்துப் போனதாகக் கேள்வி. திரையரங்கு முதலாளியிடம், டிக்கெட் கொடுக்கும் இடத்தில் சுடுகாடு இருந்தது என்றார். இப்போதும் கூட்டம் அவ்வளவுதான் என்று முதலாளி அலுத்துக்கொண்டார்.

தங்கை வீட்டு விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதல்ல. அவளுக்கு நிறைமாதம். பிறக்கப்போகும் குழந்தைக்காகக் கொல்லையில் ஓர் அறை கட்ட ஏற்பாடு செய்திருந்தார் மாப்பிள்ளை. வரைபடத்திலோ அதே கொல்லையில் ஒரு சின்ன வட்டம், கிணறு. தரையில் அதற்கு அடையாளமே இல்லை. யாரோ கல்லைப் போட்டு மூடி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்க வேண்டும். அந்தக் கல் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் சர்வேயின் தூக்கத்தைக் கெடுத்தது.

அரை மனதோடு மாப்பிள்ளை ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக் கொடுத்தார். மூலையில் இருந்த எல்லைக்கல்லிலிருந்து சர்வே அளந்தார், சுண்ணாம்பால் வட்டம் போட்டார். முன்ஜாக்கிரதையாக, வேடிக்கை பார்க்க வந்த தங்கையைத் தானே நாற்காலியோடு தள்ளி, மதிலோர நிழலில் உட்காரவைத்தார்.

கொத்தனார் இடுப்பளவு தோண்டினார். கெட்டி மண், அதற்குக் கீழே பாறை.

"கிணறு எங்கயோ வெளியூர் போயிருக்கு போல, மச்சான்," என்றார் மாப்பிள்ளை.

சர்வே மறுபடியும் நகலை விரித்தார். ஓரத்தில் 'ஓர் அங்குலம்' என்று ஒரு கோடு. கை சும்மா இருக்க முடியாமல் அதன்மேல் ஸ்கேலை வைத்தார். கோடு அங்குலத்துக்கு எட்டவில்லை. பெரிய படம் சின்னத் தாளுக்குள் அடங்க வேண்டுமென்று மிஷின் எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறது. இத்தனை காலமும் அவர் அளந்ததெல்லாம் சுருங்கிய ஊரை. குளமும் சுடுகாடும் அந்த நொடியே பக்கத்துக் கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தன.

அதற்கு வருத்தப்பட இப்போது நேரமில்லை. கிணறு அதே திசையில், இன்னும் தள்ளி இருக்கிறது. எல்லைக்கல்லில் தொடங்கிய அவர் பார்வை சுண்ணாம்பு வட்டத்தைத் தாண்டிப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நின்றது. அதில் தங்கை காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கொத்தனாரே, அந்தச் சாரப் பலகைய அவகிட்ட நீட்டுங்க. மெதுவா."

அடுத்த கிண்டலுக்கு வாயைத் திறந்த மாப்பிள்ளை, மச்சான் முகத்தைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டார்.

"அம்மாடி, அசையாத."

"ஏண்ணா, பல்லியா?"

"நீ உக்காந்திருக்கிறதுதான் கிணறு."

"நீதானே இங்க உக்காரச் சொன்ன?"

"ஆமா. நாந்தான்."

பலகை தரையோடு ஊர்ந்து அவள் காலடிக்கு வந்தது. முழங்காலில் கை ஊன்றி அவள் எழுந்தபோது, நாற்காலியின் பின்கால் சோற்றுக்குள் விரல் போவதுபோல் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கியது. அண்ணனைத் திட்டிக்கொண்டே அவள் அடிமேல் அடி வைத்தாள். மறுமுனையில் மாப்பிள்ளை அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டதும், பின்னால் நாற்காலி சாய்ந்தது. அதைச் சுற்றி மண் வட்டமாக உள்வாங்கியது. தண்ணீர்ச் சத்தம், இனி வராது என்று எல்லோரும் நினைத்த பிறகு வந்தது.

அவள் தன் காலடியைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, இப்ப நான் நிக்கிற இடம்?"

சர்வே நகலை மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"தெரியலம்மா."

வீட்டுப் படிவரைக்கும் மிச்சப் பலகைகளைப் போடச் சொன்னார் மாப்பிள்ளை. ஒருவர் பின் ஒருவராக, பலகையைவிட்டுக் கால் விலகாமல், அவர்கள் உள்ளே போனார்கள்.