தொரையைப் பார்க்கப் பின்பக்கமாகப் போன கார்

வாடகைக்கு ஹயரிங் கார் ஓட்டுகிறவன் எஞ்சினில் வரும் சத்தத்தைவிடப் பின்சீட்டில் வரும் சத்தத்துக்குத்தான் அதிகம் பயப்படுவான். எஞ்சின் என்றால் எதையாவது திருகிப் பார்க்கலாம். பின்சீட்டிலிருந்து ஒருவர் "இன்னைக்குப் போய்ச் சேருவமா?" என்று கேட்டால் எதைத் திருகுவது? மாத்தளை ஸ்டாண்டில் என்னோடு நின்றவர்களுக்கும், வேறு ஊர்களில் வேறு ஸ்டாண்டுகளில் நின்று இதே கேள்வியை வாங்கிக்கொண்டவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் யுத்தம் வருவதற்கு முன் நான் ஓட்டிய காரில் ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. ஹாரன் மட்டும் நன்றாக வேலை செய்தது. அந்தக் காரில் ஒரு பெண்ணை வேலைக்கான இன்டர்வியூவுக்குக் கூட்டிப்போன ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போவதற்கு மட்டும்

கோயில் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த சுப்பையாவும் அவர் மகள் பாக்கியமும்தான் அன்றைக்கு என் ஆட்கள். பாக்கியம் ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி வேலை படித்து முடித்திருந்தாள். எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்த வேலை காலியாக இருந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரை காலையில் ஆபீசில் இருப்பார். பகல் சாப்பாட்டுக்குப் பங்களாவுக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் யாரையும் பார்க்கமாட்டார். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

காரின் சொந்தக்காரர் காதர் முதலாளி. தகரக் குவளையால் அளந்து அளந்துதான் பெட்ரோல் ஊற்றுவார். அன்றைக்கு என் கிளீனரும் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டான். எஞ்சினைக் கிளப்ப நானே ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். அது திருப்பி உதைத்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சுப்பையா அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "மொதலாளி, எல்கடுவ மேடு. இன்னும் ஒரு குவள ஊத்துங்க" என்று கேட்டேன். முதலாளி குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "போறதுக்கு ஊத்தியிருக்கேன் தம்பி. வர்றதுக்குப் பள்ளம் இருக்கு. அல்லா குடுத்த பள்ளத்துக்கு நான் ஏன் பெட்ரோல் ஊத்தணும்?"

பின்சீட்டில் கேட்டது

டவுனைத் தாண்டுவதற்குள் அப்பன் மகள் வழக்கு முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை குருநாகலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வேலை கிடைத்தால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவது. கிடைக்காவிட்டால் பாக்கியம் மறுபேச்சுப் பேசாமல் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பது. இதுதான் ஒப்பந்தம். இந்த ஒரு தடவைதான். இன்னொரு தோட்டம், இன்னொரு தொரை என்று பேச்சே எடுக்கக்கூடாது.

அதனால் கார் இருமினாலும் சுப்பையாவுக்கு அது ஒரு சகுனம். முதல் திருப்பத்தில் மாடு குறுக்கே வந்தது, "பாத்தியா?" என்றார். அடுத்த திருப்பத்தில் கயிறு அவிழ்ந்து கதவு திறந்துகொண்டது, "பாத்தியா?" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. மகளை மலைமேல் தனியாக விட்டுவிட்டு வரப் பயம், அவ்வளவுதான். பாக்கியம் கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள்: "பாத்தேன்ப்பா. குருநாகலுக்குப் போற வழியில மாடே இல்லியா?"

முதல் கேஸ்

ரப்பர் மரங்கள் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது. மூடியிலிருந்து ஆவி சீறியது. ரோட்டோரம் பாறையில் ஊற்றுத் தண்ணீர் ஒரு பீலி வழியாக விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் பக்கத்தில்தான், ஆனால் பிடிக்கப் பாத்திரம் இல்லை. தகர வாளியைக் கிளீனர் எங்கே வைப்பான் என்று கிளீனருக்குத்தான் தெரியும். நான் தலைப்பாகையை நனைத்துப் பிழியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் தன் பையைத் திறந்தாள். உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய எனாமல் பேசின் இருந்தது. புதுசு. பிறக்கப்போகும் பிள்ளைகளைக் குளிப்பாட்ட வாங்கியது. "அத எடுக்காத! கன்னி கழியாத பாத்திரம்!" என்று சுப்பையா பதறினார். அவள் இறங்கிப் போய்ப் பீலியில் பிடித்து, சிந்தாமல் கொண்டுவந்தாள். நான் மூடியைத் துணியால் மூடித் திறந்தேன். இரண்டு மூன்று தடவை ஊற்றியதும் சீறல் அடங்கியது. பேசினின் அடியில் கரி ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்தபடி அவள் அப்பாவிடம் சொன்னாள்: "மொதல் கேஸ். காய்ச்சல் எறங்கிருச்சு. தாயும் சொகம், டைவரும் சொகம்."

வருகிற கார் போகிறது

இனி வருவதைத் தொழில் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில் இருக்கும். பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டால், டாங்கியில் இருப்பது கொஞ்சமாக இருந்தால், அது பின்னாலேயே தேங்கிவிடும், எஞ்சின் செத்துவிடும். அதற்கு ஒரே வழி காரைத் திருப்பி நிறுத்தி ரிவர்சில் ஏறுவது. மூக்கு பள்ளத்தைப் பார்க்கும், பெட்ரோல் ஓடும். எல்லா டிரைவர்களும் செய்கிற வேலைதான். முதலாளியின் குவளைக் கணக்கு அந்த மேட்டில் சரியாக என்னைக் கைவிட்டது. கூட்டுரோட்டில் காரைத் திருப்பினேன்.

சுப்பையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "திரும்பிட்டியா? நல்லதுப்பா" என்றார். கார் பின்பக்கமாக மலை ஏறத் தொடங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு ஒரு கூட்டம் எங்களுக்குக் கீழே, பள்ளத்துப் பக்கம், அதை நிறுக்கும் இடத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து கார் இறங்கினால் அது தொரை கார்தான் என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் கண்ணுக்கு என் காரின் முகம் தெரிந்தது. தொரை இறங்கி வருகிறார் என்று எல்லாரும் கரையில் ஒதுங்கினார்கள். தலையிலிருந்த சாக்கை எடுத்தார்கள், கூடையை இறக்கினார்கள், கைகூப்பி நின்றார்கள். கார் அவர்களை நெருங்கவேயில்லை. சின்னதாகிக்கொண்டே போனது. அவர்களோடு வந்த கங்காணி நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னது எங்களுக்கே கேட்டது: "என்னாங்கடி இது, வர்ற காரு போயிக்கிட்டே இருக்கு!"

கல் பிடிப்பது

பாரம் தாங்காது என்று இரண்டு பேரையும் இறக்கினேன். அப்படியும் கார் ஐந்தாறு கெஜம் ஏறும், நிற்கும், சறுக்கும். இப்படி ஏறும்போது கிளீனரின் வேலை ஒன்றே ஒன்று. கையில் கல்லோடு சக்கரத்தை ஒட்டியே நடக்க வேண்டும். கார் நின்ற நிமிஷம் பள்ளத்துப் பக்கம் கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். பிரேக்கை நம்பி மலையில் கார் ஓட்டியவன் எவனும் இல்லை. எனக்குக் கிளீனர் இல்லை. சுப்பையாவைப் பார்த்தேன். அவர் குடையைப் பிடித்திருந்தார். தூறல் போட்டது.

"எந்தச் சக்கரம்ண்ணே?" என்று பாக்கியம் கேட்டாள். முன்சக்கரத்தைக் காட்டினேன். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் சொருகிக்கொண்டு ஒரு பாறைத்துண்டைத் தூக்கினாள். முதல் இரண்டு தடவை தாமதமாக வைத்தாள், கார் சறுக்கியது. அதற்கப்புறம் எஞ்சின் சத்தம் மெலியும்போதே குனிந்துவிட்டாள். இன்டர்வியூவுக்குக் கட்டிக்கொண்டு வந்த வெள்ளைச் சேலை சிவப்பு மண்ணாகிவிட்டது. சுப்பையா பின்னாலேயே நடந்து, மகள் குனியும்போதெல்லாம் குடையை அவள் தலைக்கு நீட்டினார், அவள் நிமிரும்போதெல்லாம் அது அவள் கொண்டையில் இடித்தது. கடைசியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு கொடையப் பிடிங்க, இல்ல கல்லப் பிடிங்க. என்னய வேடிக்க பாக்காதீங்கப்பா."

தொரை வந்த வழி

ஆபீஸ் கூரை தெரிகிற வளைவில் பெட்ரோல் தீர்ந்தது. நான் இரண்டு கால்களாலும் மிதித்து நிறுத்தினேன். கார் ரோட்டுக்குக் குறுக்கே கோணலாக நின்றது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அப்போது மேலே ஹாரன் சத்தம். தொரை சாப்பாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் தொரையின் காரை யாரும் மறித்ததில்லை. சைக்கிளில் போகிறவன் இறங்கிக்கொள்வான், குடை பிடித்தவன் மடக்கிக்கொள்வான். சுப்பையா குடையை மடக்கிக்கொண்டு மழையில் நின்றார். ஆபீஸ் பெரிய கிளாக்கர் கோட்டும் தலைப்பாகையுமாகத் தொரையின் காரிலிருந்து ஓடிவந்தார். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் போய்விடும். அதனால் தொரைக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் எனக்கு முன்னால், சக்கரத்தடியில் இரண்டு கைகளாலும் கல்லை அழுத்திக்கொண்டு குந்தியிருந்தாள். "கும்புடு புள்ள! தொரை வர்றாரு!" என்று கிளாக்கர் பல்லைக் கடித்தார். "கைய எடுத்தா காரு கீழ போயிரும்ங்க. கீழ ஆளுங்க வர்றாங்க" என்றாள் அவள், நிமிராமலே.

தொரை காரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பிரம்பு கையில் இருந்தது. "நீ என்னா ஆள்?" என்று தோட்டத் தமிழில் கேட்டார். மருத்துவிச்சி வேலைக்கு வந்தவள் என்று கிளாக்கர் சொன்னார். நேரம் கடந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார். தொரை கடிகாரத்தைப் பார்த்தார், பங்களாப் பக்கம் பார்த்தார், பிறகு அவள் கால்களைப் பார்த்தார். "முந்தி இருந்த மருத்துவிச்சி மலை மேல் லயத்து வீட்டுக்கு நடக்க மாட்டேன் சொல்லி ஓடிப் போச்சு. நீ நடக்கும்?" அவள் கல்லை விடாமல் தலையை மட்டும் தூக்கினாள். "நடப்பேன் தொரை. மழைனா கொஞ்சம் மெதுவா நடப்பேன்." தொரை கிளாக்கரிடம் இங்கிலீசில் இரண்டு வார்த்தை பேசினார். ரோட்டைச் சீக்கிரம் காலி பண்ணச் சொல்வதாகத்தான் நான் நினைத்தேன். அதையும் சொன்னார். அதற்கு முன்னால் சொன்னது, ஒண்ணாம் தேதி வந்து வேலையில் சேரச் சொல் என்பது; கிளாக்கர் தமிழில் சொன்ன பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

அவள் பதிலுக்காகக் கொடுத்தாரா, பசிக்காகக் கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொழுந்துக்காரர்கள் வந்து கைகொடுத்து என் காரைப் பாறையோரம் ஒதுக்கினார்கள். தொரையின் டிரைவர் என் தொழில்காரன்தான், காக்கிச் சட்டை போட்டவன். எங்களைக் கடந்து போகும்போது கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தான்: "மச்சான், வேல கேட்டு வர்றவங்க ஆபீஸ் வாசல்ல நாள் பூரா நிப்பாங்க. இந்தாளு எறங்கி நடந்து வந்து பாத்தது ஒங்க காரு நின்னதாலதான்."

வீடு பார்ப்பது

கார் ஒதுங்கிய பிறகுதான் பாக்கியம் கல்லை விட்டாள். விரல்கள் மடங்கவில்லை. அந்தப் பாறையிலும் விழுந்த ஒரு பீலித் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

சுப்பையா நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். இதற்கும் ஒரு "பாத்தியா?" வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "குருநாகலுக்கு நாளைக்கே ஆள் அனுப்பி வரவேணாம்னு சொல்லணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு காரை ஒதுக்க அங்கேயே நின்றுவிட்ட கிளாக்கர் பக்கம் திரும்பி, மருத்துவிச்சிக்குக் கொடுக்கிற வீடு எது, தகரம் ஒழுகுமா, கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரியில் கூப்பிட வருகிறவன் லாந்தர் கொண்டுவருவானா என்று அடுக்கினார். கிளாக்கர் மேட்டைக் காட்டி, நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பாக்கியம் நானும் வருகிறேன் என்று கிளம்பினாள். அவர் குடையை விரித்து அவள் கையில் திணித்துவிட்டு, மழையில் மேட்டைப் பார்த்து நடந்தபடியே சொன்னார்: "நீ கார்ல குந்து. ஒனக்குப் புள்ள பொறக்க வைக்கத்தான் தெரியும், வீடு பாக்கத் தெரியாது."

மேடு ஏறாத கார்களை ஓட்டிப் பிழைக்கிற என் இனத்தாரே, நட்டநடு ரோட்டில் நின்றுபோனால் ரொம்பவும் வெட்கப்படாதீர்கள், வண்டியில் வந்தவருக்கு இறங்க வேண்டிய இடம் சிலசமயம் அதுவாகத்தான் இருக்கிறது.