எலும்பு வளரக் காத்திருந்த ஆறு மாதம்

உலகம்மையை நம்பி வாழும் சகோதரிகளே, போன வருஷம் வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தென்காசியில் அந்த அம்மன் கோயில் பிரகாரத்தில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது என் கீழ்வரிசை முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. வலிகூட இல்லை. எனக்கு வயது முப்பத்து நான்கு.

நான் பிறந்தது புளியங்குடி, வாக்கப்பட்டது இலத்தூர். பிறந்த வீட்டில் எலுமிச்சை வியாபாரம். தலைசுற்றலா, பித்தமா, பொடுகா, எல்லாவற்றுக்கும் எலுமிச்சைதான். ஈறில் ரத்தம் கசிந்தபோதும் எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் குழைத்துத் தேய்த்தேன். எரிந்தது. எரிந்தால் மருந்து கேட்கிறது என்றார் அம்மா. இப்படியே நாலு வருஷம். பல் ஆடத் தொடங்கிய பிறகும் விடவில்லை. புத்தி கெட்டவள் நான்.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே எல்லையில். தினமும் வீடியோவில் அழைப்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசுவேன். நாலு பல் ஆடுகிறது என்று எப்படிச் சொல்ல? கிழவியாகிவிட்டாள் என்று ஒதுக்கிவிடுவாரோ என்று பயம். அவரோ எனக்கு அவர்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டார். அழைப்பு குறைந்தது. கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். தனியாகச் சாப்பிட்டேன். செத்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

அன்று விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, தாயே, மிச்சத்தையாவது விட்டு வை என்று அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் என் வாயில் ரத்தத்தைப் பார்த்தார். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாம்.

“அழாதிய அக்கா. மிச்சப் பல்லக் காப்பாத்தப் பாக்கலாம். நாளைக்கே வாங்க.”

அம்மனே சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல்லைத் தாங்கும் எலும்பு, மழையில் அரித்த வரப்பு மாதிரி எக்ஸ்ரேயில் தெரிந்தது. எலுமிச்சைக் கதையைக் கேட்டு டாக்டர் நன்றாகத் திட்டினார். ஈறைத் திறந்து சுத்தம் செய்து எலும்புத் தூள் வைப்பார்களாம். என் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுற்றி, அதில் திரளும் ஜவ்வையும் வைப்பார்களாம். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் எலும்பையும் ஈறையும் மறுபடி வளரத் தூண்டுமாம். ஆனால் வளரும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்றார்.

ஆனியில் அறுவை சிகிச்சை. அந்த வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். வீட்டில் எல்லாரும் அருவிக்குப் போனார்கள். நான் வீங்கின முகத்தோடு ஆறின கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிடந்தேன். ஐப்பசியிலும் பல் ஆடியது. உனக்குக் கண் இருக்கிறதா என்று அம்மனோடு சண்டையே போட்டேன். இரண்டு வெள்ளிக்கிழமை விளக்குப் போடவில்லை. மூன்றாம் வெள்ளி தாங்க முடியாமல் மறுபடி போனேன். வேறு யாரிடம் போவேன்?

மார்கழியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுத்துக் கிடந்த இடத்தில் வெளுப்பு படர்ந்திருந்தது. இரண்டு பல்லைச் சுற்றி எலும்பு வந்திருக்கிறது, மூன்றாவதில் பாதிதான் என்றார் டாக்டர். அந்த நாற்காலியிலேயே கதறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் முந்தானையை விலக்கி, ஓட்டைப் பல்லோடு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏட்டி, இதுக்கா மூஞ்சிய மூடிட்டு இருந்த? நீ என்னைய வெறுத்துட்டன்னுல்லா இங்கன கெடந்து அழுதேன்.”

அந்த மூன்றாவது பல் இன்னும் லேசாக ஆடுகிறது. சொன்ன தேதிக்குப் பல் சுத்தம் செய்யப் போகிறேன், வெள்ளிக்கிழமை விளக்கும் போடுகிறேன். சகோதரிகளே, எந்தக் கஷ்டத்தையும் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். அம்மனிடம் அழுங்கள். திட்டினாலும் அவள் பொறுத்துக்கொள்வாள். அவள் அனுப்புகிற ஆள் வந்து கூப்பிட்டால் எழுந்து போங்கள். உங்களை நினைத்துக்கொண்டிருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். அதற்குத்தான் எனக்கு அத்தனை நாள் ஆனது.