அம்மாவின் கையில் அப்பாவின் கருவி

எங்கள் அப்பா கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கோவைக்கு வந்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டும் வேலை பழகி, பின்னர் சொந்தமாகப் பட்டறை வைத்தார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்தப் பட்டறைதான். யாரையும் கடிந்து பேசாதவர். ஸ்கூட்டர் மேல் மட்டும் தனிப் பிரியம்.

அறுபதைக் கடந்ததும் வலக்கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். ஸ்கூட்டரோடு கீழே விழுந்த பிறகு, தம்பி சாவியைத் தன்னோடு சென்னைக்கே எடுத்துப் போய்விட்டான். அப்பா வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்.

ஆர்.எஸ்.புரத்து டாக்டர் கைக்கடிகாரம் போன்ற ஒரு சென்சார் கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் கழற்றாமல் கட்டியிருக்கச் சொன்னார். நடுக்கமும் அசைவின் வேகமும் அதில் பதிவாகும். அதைப் பார்த்து மாத்திரையை மாற்றுவார்.

"நல்லா வந்துதுன்னா ஸ்கூட்டர் ஓட்டலாங்களா?" என்று கேட்டார் அப்பா.

"வரட்டும், பார்க்கலாங்க" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் பெருந்துறையிலிருந்து நானும் வந்து, பெற்றோருடன் போனேன். டாக்டர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுக்கமே இல்லீங்களே. மாத்திரையைக் குறைச்சுப் பார்க்கலாம். ஆனா விடியறதுக்கு முன்னால இருந்து ராத்திரி வரைக்கும் கை ஓயவே இல்லை. அப்படி என்ன வேலைங்க?"

அப்பா சுவரைப் பார்த்தார். மாத்திரையைக் குறைப்பது என்றதும் அம்மா பயந்துபோனார்.

"அது என்ற கைல இருந்துச்சுங்க டாக்டர். ஸ்கூட்டர் ஓட்டோணும்னு இவிங்கதான் கட்டிவுட்டாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப, உட்காராம வேலை செஞ்சது நீங்களாம்மா?"



மறுநாள் காலை அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அப்பா அங்கே அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்.

"உக்காரு அம்மணி. டீ நான் போடறேன்."

"கொட்டிப்போடுவீங்க."

"கொட்டுனா தொடச்சுக்கறேன்."

பாதி கொட்டியது. மீதியைக் குடித்த அம்மா, இத்தனை சர்க்கரை போட்ட டீயை எறும்புதான் குடிக்கும் என்றார்.

டாக்டர் மறுபடியும் கொடுத்த கருவியை இம்முறை அப்பாவே கட்டிக்கொண்டார். மதிய மாத்திரையின் வேகம் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துவிடுவது அதில் தெரிந்தது. டாக்டர் நேரத்தை மாற்றினார். அதன் பிறகு அப்பா சட்டைப் பொத்தானைத் தாமே போட்டார், கடைவீதிக்கு நடந்தார். வெங்காயம் உரிப்பதும் துணி மடிப்பதும் அவர் வேலையாயின. மாவு சலிக்கையில், "நடுங்கற கைதான் இதுக்குத் தோது" என்பார். ஸ்கூட்டரைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை என்று எழுத ஆசைதான். தம்பி போன் செய்யும்போதெல்லாம் கேட்டார்.

சென்ற ஆண்டு நெஞ்சுச் சளி முற்றி, சில நாள் மருத்துவமனையில் இருந்து, எங்கள் கை பிடித்தபடியே அமைதியாகப் பிரிந்தார்.

அப்பாவின் நோயைப் பொறுமையாகப் பார்த்த டாக்டருக்கும், கடைசி நாட்களில் உடனிருந்த செவிலியருக்கும், பட்டறைத் தோழர்களுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. ஆண்டு நினைவுக்கு வீட்டுக்கு வரும் நீங்கள், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆற அமரப் பேசுங்கள். அடுப்படியை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம்.

— மகள்